வத்தல் காயும் வெயிலில் கொஞ்சம் மின்சாரம்

"காத்து பேயாட்டம் அடிக்குது தம்பி. கரண்டு சாயங்காலமே போயிடுச்சு. போன்ல ஒரு கோடுதான் நிக்குது, வச்சிடுறேன்."

2018 நவம்பர் 15 நள்ளிரவை ஒட்டி, வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா பேசியது இவ்வளவுதான். அடுத்த சில மணி நேரத்தில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. சென்னையில் இருந்தபடி அந்த எண்ணை எத்தனை முறை அழுத்தினேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற அதே குரல்தான் வந்தது.

மூன்றாம் நாள் ஊர் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. மின்கம்பங்கள் முறிந்து வயலுக்குள் விழுந்திருந்தன. அந்தப் புயலில் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன என்பது பிறகு தெரிந்தது. வெளி மாவட்டங்களில் இருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் உள்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடுகள்தான் பறந்திருந்தன. வாசலில் நனைந்த நெல், அரிசி, பாய், ரேஷன் கார்டு, நிலப் பட்டா எல்லாவற்றையும் பரப்பிக் காயப் போட்டிருந்தார். மழை விட்ட இடைவெளியில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. திண்ணையில் அவருடைய பட்டன் போன் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தேன். அங்கே ஒரு ஜெனரேட்டரைச் சுற்றி கூட்டம். தரையில் விரித்த சாக்கின் மேல் நாற்பது ஐம்பது போன்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுக் காகிதம். ஒரு சார்ஜுக்கு இருபது ரூபாய் கேட்டார்கள். டீசல் கிடைக்காத ஊரில் அந்த இருபது ரூபாயைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளிடம் "உயிரோட இருக்கோம்" என்று சொல்ல, வயதான பெண்கள் அந்தச் சாக்கின் பக்கத்தில் மூன்று மணி நேரம் குத்துக்காலிட்டுக் காத்திருந்தார்கள். வீட்டு வாசலில் பட்டா காய்கிற அளவுக்கு வெயில் இருக்கும்போது போன் மட்டும் ஏன் செத்துக் கிடக்க வேண்டும் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் விழுந்தது.

சூரிய மின்கலம் பிறந்த கதையே தொலைபேசியில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1950களின் தொடக்கத்தில் டேரில் சேபின் என்ற பொறியாளரிடம் ஒரு சிக்கலை ஒப்படைத்தார்கள். ஊருக்கு எட்டாத இடங்களில் இருக்கும் தொலைபேசிக் கருவிகள் பேட்டரியில் ஓடின. வெக்கையும் ஈரமும் மிகுந்த வெப்பமண்டல ஊர்களில் அந்த பேட்டரிகள் சீக்கிரமே கெட்டுப்போயின. அதற்கு மாற்று தேடப் போனவர், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் இருவரோடும் சேர்ந்து சிலிக்கானில் சூரிய மின்கலம் செய்தார். 1954 ஏப்ரலில் அதை உலகுக்குக் காட்டினார்கள். மேலே விழும் ஒளியில் நூற்றில் ஆறு பங்கைத்தான் அது மின்சாரமாக்கியது. மறு ஆண்டு அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற ஊரில் ஒரு கிராமத்துத் தொலைபேசித் தடத்துக்கு அதைப் பூட்டிப் பார்த்தார்கள். நம் ஊரைப் போன்ற புழுக்கமான இடத்தில் ஒரு போன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய தேடல் அது. விலை அதிகம் என்பதால் பிறகு விண்வெளிக்குப் போனது, 1958இல் வான்கார்டு செயற்கைக்கோளில் ஏறியது, மெல்ல மெல்ல விலை இறங்கி இப்போதுதான் நம் மொட்டை மாடிக்கு வந்திருக்கிறது. இன்றைய நல்ல பேனல் நூற்றுக்கு இருபது, இருபத்திரண்டு பங்கு தருகிறது.

நான் முதலில் வாங்கியது தப்பான பொருள். முதுகில் கருப்புக் கண்ணாடி பதித்த பவர் பேங்க். "சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும்" என்று பெட்டியில் எழுதியிருந்தது. அதை நம்பி வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு கோடை முழுவதும் அவர் அதை வெயிலில் வைத்து எடுத்தார். ஒருநாள் அது பூரி மாதிரி உப்பிப் போயிருந்தது. வெடிக்காமல் போனது எங்கள் நல்ல நேரம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் செய்யக் கூடாது. நம் ஊர் மதிய வெயிலில் கிடக்கும் கருப்புப் பொருள் அந்தச் சூட்டை மிக எளிதாகத் தாண்டிவிடும். பேனலையும் பேட்டரியையும் ஒரே உடம்பில் வைத்துவிட்டு "வெயிலில் போடு" என்று சொல்வதே அடிப்படையில் தவறான யோசனை.

அது சார்ஜ் ஆகவும் செய்யாது. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, ஒரு வெள்ளைத் தாள் போதும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் ஒளி விழுகிறது. நல்ல பேனல் அதில் 200 வாட் எடுக்கும். ஏ4 தாளின் பரப்பு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆக, ஏ4 தாள் அளவுள்ள பேனல் என்ன தலைகீழாக நின்றாலும் 12, 13 வாட்டுக்கு மேல் தராது. போன் அளவுள்ள பேனல் ஒன்று, ஒன்றரை வாட் தந்தாலே அதிகம். 10,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் நிறைய 37 வாட் மணி தேவை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சின்னக் கண்ணாடி அதை நிரப்ப ஒரு வாரம் காய வேண்டும். கடையில் கை அளவு பேனலைக் காட்டி இருபது வாட் என்று யாராவது சொன்னால், மனதுக்குள் ஒரு ஏ4 தாளை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக வாங்கியதுதான் உருப்படியானது. துணியில் தைத்த நான்கு பலகைகள், விரித்தால் ஒரு சின்னத் தலையணை உறையின் நீளம், மடித்தால் புத்தகம். 28 வாட் என்று போட்டிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். நல்ல வெயிலில் 18 வாட் வந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று முதலில் கோபம் வந்தது. அது முழுக்க விற்றவர்களின் குற்றம் இல்லை என்பது பிறகு புரிந்தது. பேனலின் வாட் அளவை 25 டிகிரி சூட்டில் வைத்துத்தான் குறிக்கிறார்கள். நம் வெயிலில் பேனல் 60 டிகிரி வரை சுடும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் கிட்டத்தட்ட 0.4 பங்கு குறையும். சூடு மட்டுமே ஏழில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. வெயில் கூடக்கூட மின்சாரமும் கூடும் என்று நினைக்கிறோம், உண்மையில் பேனலுக்குப் பிடித்தது வெளிச்சமும் காற்றும்தான். தகரக் கூரையின் மேலே ஒட்டிப் போட்டால் வெந்துவிடும். கயிற்றுக் கட்டிலின் மேல் போட்டால் அடியில் காற்று ஓடும்.

கயிற்றுக் கட்டில் யோசனை அம்மாவுடையது. நான் பேனலை முற்றத்தின் நடுவில் விரித்துவிட்டு, "இப்படியே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரம் போனபோது பேனல் கட்டிலின் மேல் சாய்ந்திருந்தது. கட்டிலுக்கு அடியில், நிழலில், ஒரு முறத்தில் பவர் பேங்க் இருந்தது. "வத்தல் போடற மாதிரிதானே இதுவும்? காலைல அந்தப் பக்கம், மத்தியானம் இந்தப் பக்கம். முருங்கை நிழல் வந்தா நகத்திப் போடணும். பனி இறங்கறதுக்கு முன்னாடி உள்ள எடுத்து வச்சிடணும்." நான் மூன்று மாதம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரே வாரத்தில் கைப்பழக்கத்தால் பிடித்துவிட்டார்.

முருங்கை நிழல் என்று அவர் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. பேனலுக்குள் இருக்கும் மின்கலங்கள் சங்கிலி போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒரு கலத்தின் மேல் நிழல் விழுந்தால் அந்தக் கலம் மட்டும் குறைவதில்லை. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை முழுவதும் காய்வது போல, மொத்த ஓட்டமும் படுத்துவிடும். சின்னப் பேனலில் ஒரே ஒரு பூவரசு இலை விழுந்துகூடப் பாதிக்கு மேல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதிலும் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு. "தெற்கே பார்த்து வை" என்பதுதான் எங்கும் சொல்லும் அறிவுரை. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் அது வருடம் முழுக்கப் பொருந்தாது. வேதாரண்யத்தில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் பேனலைத் தட்டையாகப் போட்டாலே போதும். ஐப்பசி, கார்த்திகையில், அதாவது புயல் வரும் மாதங்களில், சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். அப்போது பேனலைத் தெற்கு நோக்கி முப்பது டிகிரி அளவுக்குத் தூக்கி வைக்க வேண்டும். கோணமானியெல்லாம் வேண்டாம். ஒரு பென்சிலைப் பேனலின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பென்சிலின் நிழல் காலடிக்குள் மறைகிற வரை பேனலைத் திருப்புங்கள். அவ்வளவுதான்.

போனை நேராகப் பேனலில் மாட்டுவதுதான் எல்லோரும் செய்யும் இரண்டாவது தவறு. மேகம் ஒன்று கடந்தால் மின்சாரம் படுக்கும், போன் சார்ஜ் ஆவதை நிறுத்திவிடும். மேகம் விலகியதும் சில போன்கள் மீண்டும் எடுக்கும், சில எடுக்காமலே கிடக்கும். ஒவ்வொரு முறையும் திரை எரிந்து அணைவதில் இருக்கிற சார்ஜும் கரையும். வெயிலில் கிடந்த போன் சூடேறித் தானே சார்ஜை நிறுத்திக்கொள்வதும் உண்டு. பகலில் பேனலில் இருந்து பவர் பேங்குக்கு, இரவில் பவர் பேங்கில் இருந்து போனுக்கு என்று இரண்டு படியாகச் செய்தால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. களத்தில் காய்ந்ததைக் குதிரில் கொட்டிவிட்டு, வேண்டும்போது அள்ளிக்கொள்கிற முறைதான். பேனலுக்கும் பவர் பேங்குக்கும் நடுவே கேபிள் குட்டையாகவும் தடியாகவும் இருக்கட்டும். வாசலில் பேனலும் கூடத்தில் பவர் பேங்குமாக நீள ஒயர் இழுத்தால், ஐந்து வோல்ட் வழியிலேயே தேய்ந்துபோகும்.

இந்த முறையில் என் 28 வாட் பேனல் ஒரு தெளிந்த நாளில் 80 வாட் மணி அளவுக்குச் சேர்க்கிறது. பவர் பேங்க் ஏறி இறங்குவதில் கால் பங்கு சூடாகக் கசிந்துபோக, கைக்கு வருவது 60. இன்றைய ஸ்மார்ட் போன் ஒன்று நிறைய இருபதுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அம்மாவின் பட்டன் போனுக்கு ஐந்து போதும், அதுவும் நான்கு நாள் தாங்கும். அப்படியென்றால் பக்கத்து வீட்டுச் சித்தி, எதிர்வீட்டு அண்ணி போன்களோடு, மூன்று வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றும் இரவு எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை எரியும். மேகம் மூடிய நாளில் இதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. அடைமழையில் எதுவும் வராது.

அடைமழையைப் பற்றிப் பேசாமல் பேனலைப் புகழ்வது நேர்மையாகாது. 2023 டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தால் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் எண்ணூறு பேர் சிக்கினார்கள். இரண்டு நாட்களுக்கு வானமே திறக்கவில்லை. அங்கே எத்தனை பேனல் இருந்திருந்தாலும் உதவியிருக்காது. முன்பே நிரப்பி வைத்த பவர் பேங்க்தான் உதவியிருக்கும். புயல் நாளைக்கு பவர் பேங்க், புயலுக்குப் பிந்தைய நாட்களுக்குப் பேனல். செல்பேசிக் கோபுரத்துக்கும் இது பொருந்தும். கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் வந்தால்தான் சிக்னல் வரும். அது வருகிற நேரம் யாருக்கும் தெரியாது. வருகிற நேரத்தில் கையில் உயிருள்ள போன் இருக்க வேண்டும்.

மடக்குப் பேனல் வாங்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, எங்கள் ஊர் எலெக்ட்ரீஷியன் ஒருவர் செய்து காட்டியது. தெருவிளக்குக்குப் போடுகிற 12 வோல்ட், 20 வாட் கண்ணாடிப் பேனல் மடக்குப் பேனலை விட மிகவும் மலிவு, பல ஆண்டு உழைக்கும். அதை நேரே போனில் மாட்டினால் போன் போய்விடும், ஏனென்றால் 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான், வெயிலில் அது 18, சும்மா இருக்கும்போது 21 வோல்ட்டைத் தொடும். நடுவே கார் சார்ஜர் ஒன்றை வைத்தார். லாரிக்கும் காருக்கும் பொதுவான, 24 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் சார்ஜராகப் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பும் கருப்பும் மாறக் கூடாது. அவ்வளவுதான் வேலை. எங்கள் பக்கத்தில் வயலுக்கு மருந்தடிக்கும் பேட்டரி மெஷின் இல்லாத வீடு குறைவு. அதற்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஆம்பியர் பேட்டரி, கிட்டத்தட்ட 96 வாட் மணி. அதே கார் சார்ஜரை அதிலும் பூட்டலாம். கஜாவின்போது எங்கள் தெருவில் மட்டும் இப்படி ஏழெட்டு மெஷின்கள் தொழுவத்தில் தூங்கின. அது ஒரு மின்சாரச் சேமிப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இல்லாமையில் இந்த யோசனை தானாக வரும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1990இல் மீண்டும் போர் மூண்ட பிறகு குடாநாட்டில் மின்சாரம் ஆண்டுக்கணக்கில் இல்லை. பேட்டரிகளுக்கும் தடை. அங்கே சைக்கிளை நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒருவர் மிதிக்க, வீடே கூடிக் காது கொடுக்கும். ஒரு செய்திக்காக மனிதர்கள் எவ்வளவு உழைப்பார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

மங்கோலியாவில் பேனல் கொடுக்கும் வேலையை அரசே கையில் எடுத்தது. புல்வெளியில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு இடம் மாறும் மேய்ப்பர்களுக்குக் கம்பி இழுக்க முடியாது. 2000இல் ஒரு லட்சம் கூடாரங்களுக்குச் சூரிய மின்சாரம் என்று திட்டம் போட்டார்கள். பிறகு உலக வங்கியும் கைகொடுக்க, 2012இல் அந்த இலக்கு நிறைவேறியது. வீடு நகர்ந்தால் பேனலும் கூடவே நகரும். நம் பக்கத்திலும், அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் ஆட்டுக்கிடை போட வரும் கீதாரி ஒருவரின் குடிலில், கூடைக் கூரையின் மேல் கயிற்றால் கட்டிய சின்னப் பேனலை நானே பார்த்தேன். தலையில் கட்டும் டார்ச்சுக்கும் போனுக்கும் அது போதும் என்றார். அவர் சொந்தக் காசில் வாங்கியது.

சொந்தக் காசில் வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நம் கடலோரத்தில் கட்டியிருக்கும் புயல் பாதுகாப்பு மையங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நூறு வாட் மடக்குப் பேனல் இரண்டு, ஐந்நூறு வாட் மணி பேட்டரிப் பெட்டி ஒன்று, எல்லா வகைப் போனுக்குமான கேபிள் ஒரு கட்டு. ஒரு மையத்துக்கு இவ்வளவு போதும். தெளிந்த நாளில் அந்த இரண்டு பேனலும் பெட்டியை நிரப்பிவிடும். நூறு பட்டன் போன், அல்லது இருபது ஸ்மார்ட் போன். மூச்சுத்திணறல் உள்ள குழந்தைக்கு நெபுலைசர் வைக்க நூறு வாட்டை ஒட்டித் தேவைப்படும். பத்து நிமிடத்துக்கு இருபது வாட் மணிகூட ஆகாது. அந்தப் பெட்டியிலேயே ஓட்டிவிடலாம். வாங்கும்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியாகக் கேட்டு வாங்க வேண்டும், சூட்டை நன்றாகத் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். அதை அலமாரியில் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைக்காமல், ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் வெளியே எடுத்து விரித்து ஏற்றிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். முப்பது வருடம் வத்தல் போட்ட பெண்கள் எல்லாக் கடலோர ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் அந்தச் சாவியைக் கொடுங்கள் என்று ஊராட்சித் தலைவர்களிடம் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

போன கார்த்திகையில் எங்கள் பக்கம் மூன்று நாள் மழை. இரண்டாம் நாள் மின்சாரம் போனது. நான்காம் நாள் காலை ஒன்பதரைக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"வெயில் வந்துடுச்சு தம்பி. கட்டிலை எடுத்துப் போட்டுட்டேன். சித்தி போனும் கொண்டாந்து குடுத்திருக்கா. நீ சாப்பிட்டியா?"